ரயிலின் முதுகில் ஒரு கோடு

நான் பி.டி. டீச்சர். இருபத்தாறு வருஷமாகப் பெண்கள் பள்ளி மைதானத்தில் விசிலும் கையுமாக நிற்கிறவள். ஓடுகிறபோது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "எழுந்திரு, நட. நடந்தா சரியாயிடும்." முக்கால்வாசிப் பேருக்குச் சரியாகியும் விடும். மீதிப் பேர் வீட்டுக்குப் போய் அவரவர் அம்மாவிடம் அழுதிருப்பார்கள். அதை யார் பார்த்தது? இந்த வாயை நம்பித்தான் என் குடும்பமே ஓடியது, அதனால் அதைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களையெல்லாம் ஒரு கை பார்த்தவருக்கு வாய்த்த வீடு, லிஃப்டே இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மொட்டைமாடி மிஷின் அறையில் ஸ்பானரோடு சாய்ந்துவிட்டார். பக்கவாதம். இடது கையும் இடது காலும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் சுவரைப் பார்த்துப் படுத்தார். நான் விடுவேனா? காலை ஆறு மணிக்குப் போய் நிற்பேன். "எழுந்திருங்க. படுத்தா படுத்ததுதான்." அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, நாலு வீட்டுக்கும் பொதுவான வெளி நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடத்துவேன். கத்துவார். ராட்சசி, பாவி, உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா என்பார். நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. மூன்று நாலு மாதம் போனதும் கத்துவது நின்றுவிட்டது. தேறிவிட்டார் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன்.

ஆனாலும் நடையைத் தாண்டித் தெருவுக்கு இறங்க மாட்டேன் என்றார். என் தொண்டை வற்றியதுதான் மிச்சம். அப்போதுதான் மகள் ஒரு நாய்க்குட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்கிறவர் வீட்டில் போட்ட குட்டி. முழ நீளத்துக்கு உடம்பு, விரல் நீளத்துக்குக் கால், தரையைக் கூட்டுகிற காது.

"இது நாயா, ரயிலா?" என்றார் என் வீட்டுக்காரர். பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அது. ரயில் என்றே பெயர் நின்றுவிட்டது.

ரயிலுக்கு அவர் ஒருத்தர்தான் கண்ணில் தெரிந்தார். வாசல் கதவருகே போய் உட்கார்ந்துகொண்டு அவரையே பார்ப்பாள். நான் சங்கிலியை எடுத்தால் அசைய மாட்டாள். பிள்ளை கேட்டால் போகாமல் முடியுமா? ஒரு வாரத்தில் படியிறங்கிவிட்டார். அவர் ஒரு படி இறங்குவார்; அவள் அடுத்த படியில் குதித்து, திரும்பி நின்று காத்திருப்பாள். பிறகு இன்னொரு படி. காலையும் மாலையும் மூன்று மாடி, இரண்டு வருஷம். நான்தான் அவரை நடக்கவைத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாதி பொய்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இருவரும் காலை நடைக்குக் கிளம்பிப் போன ஐந்தாவது நிமிஷம் ரயில் வீலென்று கத்தியது சமையலறை வரை கேட்டது. கையில் கரண்டியோடு ஓடினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். எழுப்பினால் முன்னங்கால்கள் ஊன்றின. பின்னங்கால்கள் இரண்டும் குடிகாரன் கால் மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. முதுகு வளைந்து தூக்கியிருந்தது. தொட்டால் கத்தினாள்.

அவர் அவளுக்குப் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "டீச்சர், என்ன பண்ணுதுன்னு பாரு," என்றார். கல்யாணமான புதிதில் கிண்டலுக்குக் கூப்பிட ஆரம்பித்தது. இன்றைக்கும் நான் அவருக்கு டீச்சர்தான்.

தூக்கிவந்து கூடத்தில் விட்டுத் தொடையை அழுத்திப் பார்த்தேன். கல்லாக இறுகியிருந்தது. எத்தனை ஆயிரம் கால் பார்த்தவள், எனக்குத் தெரியாத தசைப்பிடிப்பா?

"ஒண்ணும் இல்லீங்க. பிடிச்சுக்கிச்சு, அவ்வளவுதான். படுக்கப் போட்டா இன்னும் இறுகிடும். நடக்க வெச்சா சரியாயிடும்."

மகள் போனைப் பார்த்தபடியே வந்தாள். "அம்மா, இந்த ஜாதிக்கு முதுகெலும்புல பிரச்சினை வருமாம். அசைக்கவே கூடாதாம். கூண்டுல படுக்க வெச்சு உடனே டாக்டர்கிட்ட காட்டணும்னு போட்டிருக்கு."

"போன்ல ஆயிரம் போடுவான். அவனா உங்கப்பாவை எழுப்பி நடக்க வெச்சான்? நான் வெச்சேன்."

"அப்பா வேற, நாய் வேறம்மா."

"வாயை மூடுடி. பெரிய டாக்டர் வந்துட்டா."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. அவர்தான் சமாதானம் பண்ணினார். "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்மா. எனக்கும் ஆஸ்பத்திரியில 'இனிமே இப்படித்தான்'னு சொல்லி அனுப்பினாங்களே. இப்ப நான் நடக்கலையா?" அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். இத்தனை நாள் தன்னை நடத்திக்கொண்டு போனவளைத் தான் நடத்தப்போகிறோம் என்கிற வெளிச்சம்.

ஒரு துண்டை எடுத்து அவள் அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு முனையையும் சேர்த்து அவர் வலது கையில் சுற்றிக் கொடுத்தேன். அவருக்கு பிசியோதெரபி செய்த அம்மா இடுப்புப்பட்டையைப் பிடித்துக்கொண்டு நடத்துவார், அதே முறை. அவருக்கு ஒரு கால் இழுத்தது, அவளுக்கு இரண்டு. ஆக மூன்று காலை இழுத்துக்கொண்டு இரண்டு பேரும் நடையில் போனார்கள். திரும்புகிற ஒவ்வொரு முறையும் ரயில் கத்தினாள். "கத்து, கத்து. நானும்தான் கத்தினேன். போகப்போகச் சரியாயிடும்," என்று அவர் குனிந்து சொல்லிக்கொண்டே வந்தார். அன்றைக்குப் பத்து ரவுண்டு. நான் வாசலில் நின்று எண்ணினேன்.

திங்கட்கிழமை பள்ளியிலிருந்து திரும்பும்போது விளையாட்டுச் சாமான் அறையிலிருந்து ஒரு கிரேப் பேண்டேஜை எடுத்துவந்தேன். வீட்டில் பார்த்தால் அவர் அதற்குள் அவள் பின்பாதங்களுக்கு என் பழைய சாக்ஸை வெட்டி மாட்டியிருந்தார். நகம் தரையில் உராய்கிறதாம். ஒற்றைக் கையால், பல்லால் முடிச்சுப் போட்டிருக்கிறார்.

"டீச்சர், ஒரு நல்ல செய்தி. மத்தியானத்துல இருந்து கத்தவே இல்ல."

நானும் பார்த்தேன். நிஜம்தான். துண்டில் தொங்கியபடி முன்னங்காலை மட்டும் எட்டி எட்டி வைத்தாள். திரும்பும்போது முனகல்கூட இல்லை. அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனாள். இருபது ரவுண்டு. முடிந்ததும் அவர் ஒரு பாக்கெட் பிஸ்கட்டையே பிரித்து ஊட்டினார். மகள் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக நான் கேட்டேன், "பாத்தியா? உன் போன் என்ன சொல்லுது இப்ப?" அவள் ரயிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றினாள். அந்தக் கேள்வியைக் கேட்ட நாக்கை என்ன செய்தால் தகும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ரயில் தன் மூத்திரத்திலேயே படுத்திருந்தாள். நனைந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. பிஸ்கட் வாசனைக்குத் தலையைத் தூக்கிக் காதை ஆட்டினாள். இடுப்புக்குக் கீழே அது வேறு யாருடைய உடம்போ என்பதுபோல் கிடந்தது. "நான் லீவு சொல்லிட்டேன்," என்று மகள் ஆட்டோ கூப்பிடப் போனாள்.

கால்நடை டாக்டர் சின்னப் பெண். என்னிடம் படித்திருக்கக்கூடிய வயது. ரயிலை மேஜையில் வைத்து ஒரு இடுக்கியால் பின்பாத விரலை அழுத்தினார். பிறகு இன்னும் பலமாக அழுத்தினார். ரயில் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பூரித்துப்போய்ச் சொன்னார்: "பாத்தீங்களா டாக்டர்? வலியே இல்ல! ஞாயித்துக்கிழமை தொட விடமாட்டா."

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் பார்த்தேன். இடுக்கியை மெல்லக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு முதுகுத் தோலை வால் பக்கத்திலிருந்து மேலே மேலே கிள்ளிக்கொண்டு வந்தார். ஓர் இடத்தில் தோல் துடித்தது. அந்த இடத்தில் நீலப் பேனாவால் குறுக்காக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மணியைக் குறித்தார். "இந்தக் கோட்டுக்குக் கீழ அவளுக்கு உணர்ச்சி இல்ல சார். இங்கயே இருக்கட்டும். கோடு நகராம இருந்தா நல்லது." எக்ஸ்ரே எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், கூண்டில் மெத்தை விரித்துப் படுக்கவைத்தார்கள். சாயங்காலம் டாக்டர் இரண்டாவது கோடு போட்டார். முதல் கோட்டுக்கு நாலு விரல்கடை மேலே.

புதன்கிழமை காலை நாங்கள் போனபோது மூன்றாவது கோடு தோள்பட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. முன்னங்கால்களும் துவண்டுவிட்டன. எங்களைப் பார்த்ததும் வாலாட்ட முடியாததால் கண்ணையும் காதையும் போட்டு ஆட்டினாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கூண்டுக்குள் கையை விட்டுக்கொண்டார். டாக்டர் என்னை மட்டும் மருந்து அலமாரிப் பக்கம் கூப்பிட்டார்.

"மேடம், தண்டுவடம் செத்துக்கிட்டே மேல ஏறுது. நிறுத்த மருந்து இல்ல. இன்னும் கொஞ்சம் ஏறினா மூச்சு திணற ஆரம்பிக்கும். அது ரொம்பக் கொடுமை. அதுக்கு முன்னாடி ஊசி போட்டு ஒரேயடியா தூங்க வெச்சுடறதுதான் நல்லது. சார்கிட்ட காலையிலயே போன்ல சொன்னேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேங்கறார். அவர் பேர்லதான் பதிஞ்சிருக்கு, அவர் கையெழுத்து வேணும்."

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "நாங்க நடக்க வெச்சோம் டாக்டர். ரெண்டு நாள். அதனாலயா?"

அந்தப் பெண் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எலும்புக்கு நடுவுல இருக்கற தட்டு பிதுங்கியிருக்கு. முதல் நாளே அசையாம வெச்சிருந்தா, இல்ல உடனே ஆபரேஷன் பண்ணியிருந்தா, நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். இதுதான் காரணம்னு நூறு சதவீதம் சொல்ல முடியாது மேடம். ஆனா நடக்க வெச்சிருக்கக் கூடாது." பிறகு கேட்டார். "சாருக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம்," என்றேன்.

கூண்டருகே போனேன். அவர் வீட்டிலிருந்து ஒரு பையைக் கொண்டுவந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். உள்ளே துவைத்து மடித்த துண்டு இருந்தது.

"டாக்டருங்க பயமுறுத்தத்தான் செய்வாங்க டீச்சர். என்னைப் பயமுறுத்தலையா? நாளாகும், அவ்வளவுதான். மறுபடி பத்து ரவுண்டுல இருந்து ஆரம்பிப்போம். முன்னங்காலும் தளர்ந்திருக்கு, அதனால ரெண்டு துண்டு வேணும். ஒண்ணு நீ பிடி, ஒண்ணு நான் பிடிக்கறேன்."

நான் வாயைத் திறக்காவிட்டால், அவர் அவளை வீட்டுக்குத் தூக்கிப்போவார். அந்த நடையில் துண்டில் தொங்கியபடியே அவள் மூச்சுத் திணறிச் சாவாள். திறந்தால், அவர் கையால்தான் அவள் போனாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ரயில் அவர் கட்டைவிரலை நக்கிக்கொண்டிருந்தாள்.

"நடக்க வெச்சதாலதாங்க இப்படி ஆச்சு," என்றேன்.

"என்னது?"

"முதுகுல தட்டு பிதுங்கியிருக்கு. அசையாம வெச்சிருக்கணுமாம். நடக்க நடக்க அது தண்டுவடத்தை நசுக்கியிருக்கு. நம்ம பொண்ணு அன்னிக்கே சொன்னா, நான்தான் வாயை அடைச்சேன். உங்க மேல தப்பு ஒண்ணும் இல்லீங்க. நான் சொன்னேன், நீங்க செஞ்சீங்க. அவ்வளவுதான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவள் முதுகிலிருந்த மூன்று கோடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "திங்கக்கிழமை கத்தாம நடந்தாளே?"

"உணர்ச்சி போயிடுச்சு."

"வலி போயிடுச்சுன்னு நெனச்சேன்." அவர் உதடு கோணியது. "நான் பிஸ்கட் குடுத்தேனே டீச்சர்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். ராட்சசி என்று அந்த ஆஸ்பத்திரியே கேட்கக் கத்தியிருக்கலாம். செருப்பால் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் டாக்டரிடம் பேனா கேட்டார்.

இரண்டு ஊசி என்றார் டாக்டர். முதல் ஊசி தூக்கத்துக்கு. ரயிலை அவர் மடியில் வைத்தார்கள். மகள் தரையில் உட்கார்ந்து அவள் காதைத் தடவினாள். அவர் குனிந்து, "போதும்டா கண்ணு. இனி நடக்க வேண்டாம்," என்றார். ரயில் அவர் குரல் வந்த பக்கம் தலையைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை, கண் சொருகிவிட்டது. இரண்டாவது ஊசி போட்டதை நான் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன்.

வியாழக்கிழமை அவர் எழுந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமையும். சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். மகள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஓடும்போது விழுந்தாள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் விசிலைக் கழற்றி உதவி டீச்சரிடம் கொடுத்துவிட்டுச் சாமான் அறைக்குள் போய்ப் பந்துக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை பிசியோதெரபி அம்மாவுக்குப் போன் செய்தேன். "நாலு நாளா? என்ன டீச்சர், நீங்களா இப்படி விடறீங்க? ஒரு வாரம் படுத்தா கால் இறுகிடும். மறுபடி முதல்ல இருந்து வரணும், வருமான்னும் சொல்ல முடியாது. எப்படியாவது எழுப்புங்க," என்றார். அந்த அம்மா சொன்னது சரிதான். இவர் இடது கை விரல்கள் மடங்க ஆரம்பித்திருந்ததை நானே பார்த்தேன். நாயை இழந்தாயிற்று, இப்போது இவரையும் அந்தக் கட்டிலில் விட்டுவிடுவேனோ என்ற பயம் வந்தது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் அறைக்குப் போனேன். விடிந்திருந்தது. கட்டில் பக்கத்தில் நின்றேன். எழுந்திருங்க என்று சொல்லத்தான் போனேன். வாயில் வந்த வார்த்தை வெளியே வரவில்லை. அந்த வார்த்தைக்கு ஒருத்தி எழுந்து நடந்தாளே. கடைசிவரைக்கும் நடந்தாளே. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"என்னங்க," என்றேன். "வலிக்குதா?"

அவர் அசையவில்லை. தூங்குகிறாரோ என்று நினைத்தேன். பிறகு சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"இப்ப கேக்கறியா, அப்ப வலிச்சுதான்னு கேக்கறியா?"

"ரெண்டும்தான்."

"தினம் வலிச்சுது டீச்சர். ஒவ்வொரு படிக்கும்."

"கத்தறதை நிறுத்திட்டீங்களே."

"வலி நின்னு நிறுத்தல," என்றார். குரலில் கோபமே இல்லை. "நீ கேக்கலை. அதனால நிறுத்தினேன்."

போர்வைக்கு மேலாகவே அவர் இடது காலில் கையை வைத்தேன். மூன்று வருஷமாகத் தினமும் பிடித்துத் தூக்கி வைத்த கால். எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

"இங்கயா?" என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றார்.